ரப்பரை அமுக்கும்போது எண்ணெய் தடவலாமா, கூடாதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரப்பர் மோல்டிங் பட்டறையில் பிரஸ் பக்கம் நின்றும், அப்புறம் சோதனைக்கூடத்தில் உட்கார்ந்தும் பல வருடம் ஓட்டியவன் நான். ஒரே ரப்பர், ஒரே மெஷின், ஆனால் இரண்டு பேர் அமுக்கினால் இரண்டு எண் வருகிறதே என்று கேட்காத ஆள் இந்தத் தொழிலில் கிடையாது. அந்தக் கேள்வியும் அதைச் சுற்றி வருகிற மற்றக் கேள்விகளும் கீழே இருக்கின்றன. கணக்குகள் எல்லாம் சாதாரணக் கால்குலேட்டரில் போட்டவை. நீங்களும் போட்டுப் பார்க்கலாம்.

ரப்பர் உண்மையில் அமுங்குகிறதா?

உயரம் குறைகிறது. கன அளவு குறைவதில்லை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டு ரப்பரை நெருக்கினால் அது தண்ணீரைப் போலத்தான் முரண்டு பிடிக்கும். கன அளவு மாற்றத்தை எதிர்க்கும் குணகம் தண்ணீருக்கு சுமார் 2200 மெகாபாஸ்கல், ரப்பருக்கு சுமார் 2000. அதாவது 1 மெகாபாஸ்கல் அழுத்தம் கொடுத்தால் ரப்பரின் கன அளவு இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் குறையும். ஆனால் அதே ரப்பரின் வடிவத்தை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் எதிர்ப்பு அற்பம். மென்மையான ரப்பருக்கு அந்தக் குணகம், ஷியர் மாடுலஸ் என்பார்களே அது, 1 மெகாபாஸ்கலுக்கும் கீழே. ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம்! ஆகவே ரப்பர் எப்போதும் சுலபமான வழியையே தேர்ந்தெடுக்கும். மேலே இருந்து அமுக்கினால் பக்கத்தில் பிதுங்கும்.

சோதனைக்கூடங்களில் வழக்கமான ஒரு வில்லையை எடுத்துக்கொள்வோம். பட்டன் என்றுதான் நாங்கள் சொல்வோம். விட்டம் 29 மி.மீ., உயரம் 12.5 மி.மீ. இதை 20 சதவீதம் அமுக்கி 10 மி.மீ. உயரத்துக்குக் கொண்டுவந்தால், கன அளவு மாறாமல் இருக்க விட்டம் 32.4 மி.மீ. ஆக வேண்டும். ஒவ்வொரு பக்கமும் விளிம்பு 1.7 மி.மீ. வெளியே நகர்ந்தாக வேண்டும். அந்த 1.7 மி.மீ. நகர்வுக்கு யாராவது தடை போடுகிறார்களா என்பதுதான் எண்ணெய்க் கேள்வியின் முழு உள்ளடக்கமும்.

எண்ணெய் தடவினால் என்ன நடக்கும்? தடவாவிட்டால்?

இரண்டு முகத்திலும் சரியாக எண்ணெய் தடவி, பளபளப்பான தட்டுகளுக்கு நடுவே வைத்து அமுக்கினால், வில்லை முழுவதும் ஒரே சீராக விரியும். பக்கச் சுவர் நேராகவே இருக்கும். முன்பு நெட்டையான சிலிண்டர், இப்போது குட்டையான சிலிண்டர், அவ்வளவே.

எண்ணெய் இல்லாமல் அமுக்கினால் மேல் முகமும் கீழ் முகமும் தட்டைக் கவ்விக்கொள்ளும். அவை விரிய முடியாது. அவற்றுக்கு அடுத்த அடுக்கை இவை பிடித்து இழுக்கும், அது அதற்கடுத்த அடுக்கை இழுக்கும். நடுப்பகுதி மட்டும்தான் ஓரளவு சுதந்திரமாக வெளியே வரும். பக்கச் சுவர் பீப்பாய் போலப் பிதுங்கும். இன்னும் அமுக்கினால் பிதுங்கிய பக்கச் சுவரே மடிந்து தட்டின் மேல் போய் உட்கார்ந்துவிடும். அப்போது வில்லையின் முகம் விரிந்ததுபோல் தெரியும். உண்மையில் விரிந்தது முகமல்ல, மடிந்து வந்த பக்கம்.

மெஷின் இல்லாமலேயே இதைப் பார்க்கலாம். கெட்டியான பென்சில் அழிப்பான் ஒன்றின் பக்கவாட்டில் பேனாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போடுங்கள். பெஞ்ச் வைஸில் வைத்து மெதுவாக இறுக்குங்கள். ஓரத்தில் உள்ள கட்டங்கள் சாய்வதையும், நடுவில் உள்ளவை தட்டையாவதையும் பார்க்கலாம். பிறகு எடுத்து, வைஸின் தாடைகளுக்கும் ரப்பருக்கும் நடுவே சோப்புக் குழம்பு தடவி மறுபடி இறுக்குங்கள். கட்டங்கள் சாய்வது பெருமளவு நின்றுவிடும். கைப்பிடியைத் திருப்புவதும் இலகுவாக இருக்கும்.

விசையில் எவ்வளவு வித்தியாசம் வரும்?

மேலே சொன்ன 29 மி.மீ. வில்லை, கடினம் (ரப்பரின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்) 50 உள்ள இயற்கை ரப்பர், 20 சதவீத அமுக்கம். நல்ல எண்ணெய்ப் பூச்சு இருந்தால் சுமார் 38 கிலோ எடை வைத்தால் போதும். அதே வில்லை இரும்புத் தகட்டில் ஒட்டப்பட்டிருந்தால் சுமார் 56 கிலோ வேண்டும். கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. ரப்பரில் எந்த மாற்றமும் இல்லை. முகத்தின் நிலைமை மட்டுமே மாறியிருக்கிறது.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

1959-இல் இங்கிலாந்தில் ஏ.என். ஜென்ட், பி.பி. லிண்ட்லி இருவரும் ஒட்டிய ரப்பர் கட்டைகளை அமுக்கிப் பார்த்துக் கொடுத்த சூத்திரம் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. அதை வார்த்தையில் சொல்கிறேன். முதலில் வடிவக் காரணியைக் கண்டுபிடிக்க வேண்டும். அழுத்தப்படும் ஒரு முகத்தின் பரப்பை, சுதந்திரமாகப் பிதுங்கக்கூடிய பக்கப் பரப்பால் வகுத்தால் வருவது அது. வட்ட வில்லைக்கு இன்னும் சுலபம்: விட்டத்தை உயரத்தின் நான்கு மடங்கால் வகுக்கலாம். நம் வில்லைக்கு 29-ஐ 50-ஆல் வகுத்தால் 0.58.

இந்த எண்ணை வர்க்கமாக்கி, இரண்டால் பெருக்கி, ரப்பரின் கடினத்தைப் பொறுத்த ஒரு திருத்த எண்ணாலும் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். ஒட்டிய ரப்பர் எத்தனை மடங்கு விறைப்பாக இருக்கும் என்பது அதுதான். திருத்த எண் கடினம் 40-க்கு 0.85, 50-க்கு 0.73, 60-க்கு 0.57, 70-க்கு 0.53. எண்ணெய் தடவிய நிலையில் வரும் அடிப்படை மாடுலஸ், அதாவது அமுக்கத்தை எதிர்க்கும் குணகம், அதே வரிசையில் 1.5, 2.2, 4.45, 7.36 மெகாபாஸ்கல். நம் வில்லைக்கு 0.58-இன் வர்க்கம் 0.336; அதை 2-ஆலும் 0.73-ஆலும் பெருக்கினால் 0.49, ஒன்றைக் கூட்டினால் 1.49.

இது சிறிய அமுக்கத்துக்கான தோராயக் கணக்கு. 20 சதவீதத்துக்கு நான் கொடுத்த கிலோக் கணக்கும் இதையே நீட்டிப் போட்டதுதான். டிசைனைத் தொடங்க இது போதும். வாடிக்கையாளரோடு சண்டை போடப் போதாது.

மெல்லிய ரப்பர் ஏன் இவ்வளவு விறைப்பாக இருக்கிறது?

வடிவக் காரணி வர்க்கமாக வருவதால். அதே 29 மி.மீ. வில்லையின் உயரத்தைப் பாதியாக்கினால் காரணி 1.16, விறைப்பு ஒன்றரை மடங்கிலிருந்து மூன்று மடங்குக்குத் தாவும். 1.45 மி.மீ. உயரத்துக்குச் சீவினால் காரணி 5. இப்போது ஒட்டிய ரப்பர் 37 மடங்கு விறைப்பு. மாடுலஸ் 80 மெகாபாஸ்கல் பக்கம் போய்விடும். பிளாஸ்டிக்கோடு போட்டி போடும் அளவு. கையில் எடுத்து மடித்தால் அதே பழைய கொழகொழ ரப்பர்தான்.

காரணம் சுலபம். மெல்லிய வில்லையின் நடுவில் இருக்கும் ரப்பர் வெளியே வர வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டிருக்கும் சந்துக்குள் நெடுந்தூரம் நகர வேண்டும். அது முடியாமல் நடுவிலேயே அழுத்தம் தேங்கும். ஒட்டிய மெல்லிய வில்லையின் நடுப்புள்ளியில் அழுத்தம், சராசரியைப் போல இரண்டு மடங்கு வரை ஏறும். ஓரத்தில் ஏறக்குறைய பூஜ்யம். நடுவில் ரப்பர் தண்ணீர் மாதிரி அடைபட்டு நிற்கிறது, ஓரத்தில் கிழிபடுகிற மாதிரி இழுபடுகிறது. பழுதான பேட்களை வெட்டிப் பார்த்தால் விரிசல் பெரும்பாலும் ஓரத்தில், இரும்பும் ரப்பரும் சேரும் கோட்டில் தொடங்கியிருப்பதன் காரணமும் இதுவே.

எண்ணெய் முழுமையாக வேலை செய்தால் இந்தக் கதையே கிடையாது. தடிமனோ மெல்லியதோ, மாடுலஸ் ஒன்றேதான்.

எண்ணெயும் தடவவில்லை, ஒட்டவும் இல்லை. வெறும் இரும்புத் தட்டில் வைத்து அமுக்கினால்?

சோதனை என்று பார்த்தால் இதுதான் இருப்பதிலேயே மோசமான நிலை. எண்ணெய் தடவியது ஒரு முனை, ஒட்டியது மறு முனை. வெறும் தட்டு இரண்டுக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழும். மென்மையான ரப்பருக்கும் சுத்தமான வழவழப்பான எஃகுக்கும் இடையே உராய்வுக் குணகம் 1-ஐத் தாண்டக்கூடும், தூசி படிந்தால் பாதியாகும். அழுத்தம் ஏற ஏற அந்தக் குணகமே குறையும். பள்ளிக்கூடத்தில் படித்த உராய்வு விதி ரப்பரிடம் செல்லாது. வழுக்கல் ஓரத்தில் தொடங்கி உள்ளே நகர்வதும் உண்டு. முதல் தடவை கவ்விய வில்லை மூன்றாம் தடவை வழுக்கும்.

எங்கள் பட்டறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளருக்கு அதிர்வு தாங்கும் பஃபர் செய்து கொடுத்தோம். நாங்கள் அளந்த விறைப்பு அவர்கள் அளந்ததைவிடக் கால் பங்கு குறைவு. கலவையில் கார்பன் கருப்பு என்கிற கரித்தூள் கூடிப்போனதா, வேகவைத்த நேரம் பிசகியதா, மெஷினில் விசையை அளக்கும் லோடு செல் பழுதா என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பையன், சாம்பிளைத் தொட்ட விரலைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது என்னண்ணே, பிசுபிசுன்னு இருக்கு?" என்றான். அச்சிலிருந்து ரப்பர் ஒட்டாமல் வர அடிக்கும் சிலிக்கான் ஸ்பிரே! நாங்கள் அச்சிலிருந்து எடுத்த கையோடு அளந்தோம். அவர்கள் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அளந்தார்கள். துடைத்தபின் இரண்டு எண்ணும் ஒத்துப்போயின. அதற்குப் பிறகு, சோதனை அறிக்கையில் முகத்தின் நிலைமையை எழுதாத எந்த எண்ணையும் நான் நம்புவதில்லை.

தரநிலைகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்டிஎம் டி575 கவ்வும் பக்கம் நிற்கிறது. விட்டம் 28.6 மி.மீ., உயரம் 12.5 மி.மீ. வில்லை, வழுக்காமல் இருக்கத் தட்டுக்கும் ரப்பருக்கும் நடுவே உப்புத்தாள். இரண்டு முறை அமுக்கி விட்டுவிட்டு மூன்றாவது முறை அளக்க வேண்டும். சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 7743 இரண்டு வழியும் தருகிறது: எண்ணெய் தடவி ஒரு முறை, இரும்புத் தகட்டில் ஒட்டி இன்னொரு முறை. நிமிடத்துக்கு 10 மி.மீ. வேகத்தில் 25 சதவீதம் வரை நான்கு தடவை அமுக்கி, கடைசித் தடவையில் 10, 20 சதவீத அமுக்கத்தில் மாடுலஸைக் கணக்கிட வேண்டும்.

இரண்டும் வெவ்வேறு வழி போனாலும் ஒன்றில் ஒத்துப்போகின்றன. நடுவில் தொங்கும் நிலை வேண்டாம், ஏதாவது ஒரு முனைக்குப் போய் நில் என்கின்றன. நானும் அதே கட்சிதான்.

ஐஎஸ்ஓ-வில் இன்னொரு தந்திரமும் இருக்கிறது. 17.8 மி.மீ. விட்டம், 25 மி.மீ. உயரம் உள்ள நெட்டையான கட்டை. அதன் வடிவக் காரணி 0.18 தான். சூத்திரத்தில் போட்டால் ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் அடங்கும். உராய்வோடு சண்டை போடாமல் அதை அலட்சியம் செய்யும் வழி இது. அதற்காக இன்னும் நெட்டையாக்கினால் கட்டை கோணிக்கொண்டு சாயும், எச்சரிக்கை.

எந்த எண்ணெய் தடவ வேண்டும்? தேங்காய் எண்ணெய் போதுமா?

ரப்பரைப் பொறுத்தது. பெரும்பாலான ரப்பர்களுக்குச் சிலிக்கான் எண்ணெய் நல்லது. அது ரப்பருக்குள் இறங்குவதில்லை. ஆனால் சோதிப்பது சிலிக்கான் ரப்பராக இருந்தால் அதே எண்ணெய் அதை ஊத வைத்துவிடும். இனம் இனத்தோடு சேரும். அங்கே ஃபுளோரோசிலிக்கான் வகை எண்ணெய் வேண்டும்.

இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர் வகைகளான எஸ்பிஆர், ஈபிடிஎம் மூன்றிலும் கிரீஸ், என்ஜின் ஆயில் பக்கமே போகக்கூடாது. உறிஞ்சி, ஊதி, மெத்தென்று ஆகிவிடும். நைட்ரைல் ரப்பர் அவற்றைத் தாங்கும், அதற்காகவே பிறந்தது அது. தேங்காய் எண்ணெய் இயற்கை ரப்பரை ஊத வைக்கும், ஆகவே வேண்டாம். சோப்புத் தண்ணீர் பொருத்தும் வேலைக்கு அருமை, காய்ந்துவிடுவதால் அளக்கும் வேலைக்கு ஆகாது. முகப்பவுடர் அரைகுறை.

எண்ணெய் நல்லதாக இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. சுமையைப் பிடித்து வைத்தால் எண்ணெய்ப் படலம் மெல்ல மெல்லப் பிதுங்கி வெளியேறும். காலையில் எண்ணெய் தடவிய வில்லையாக அமுக்கி வைத்தது மாலையில் காய்ந்த வில்லையாக மாறியிருக்கும். நாள் கணக்கில் நடக்கும் சோதனைக்கு எண்ணெயை நம்ப முடியாது. சிலர் எண்ணெய்க்குப் பதில் டெஃப்லான் தாளை வைப்பார்கள். குறுகிய சோதனைக்கு ஓரளவு ஒப்பேறும்.

முதல் தடவை அமுக்கும்போது மட்டும் விறைப்பாக இருக்கிறதே, அதுவும் உராய்வா?

பெரும்பாலும் இல்லை. கார்பன் கருப்பு போன்ற நிரப்பிகள் கலந்த ரப்பர் முதல் தடவை இழுத்தாலும் அமுக்கினாலும் விறைப்பாக இருந்து, அடுத்தடுத்த தடவைகளில் இளகும். முல்லின்ஸ் விளைவு என்று பெயர். தரநிலைகள் முதல் சில சுற்றுகளைத் தள்ளிவிடச் சொல்வது இதற்காகத்தான். முகம் வழுக்காத வரை, உராய்வால் வரும் கூடுதல் விறைப்பு மூன்றாம் நான்காம் சுற்றிலும் போகாமல் நிற்கும். இரண்டும் கலந்து வருவதால்தான் குழப்பம்: முகத்தை எண்ணெயால் விடுவித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருப்பது முல்லின்ஸ்.

மெஷின் வரையும் விசை வரைபடத்தில் சுமை ஏறும்போது ஒரு கோடு, இறங்கும்போது அதற்குக் கீழே இன்னொரு கோடு வருவதும் ரப்பரின் இயல்பே. நடுவில் உள்ள பரப்பு சூடாக மாறிய ஆற்றல். ஆனால் காய்ந்த தட்டில் வழுக்கல் இருந்தால் அந்தப் பரப்பு பொய்யாகப் பெருகும். ரப்பரின் அதிர்வு உறிஞ்சும் திறன் பிரமாதம் என்று அறிக்கை வரும். உறிஞ்சியது தட்டின் உராய்வு.

கம்ப்ரஷன் செட் சோதனையில் எண்ணெய் தடவ வேண்டுமா?

முதலில் செட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ரப்பரை அமுக்கி, சூட்டில் 22 மணி நேரமோ 70 மணி நேரமோ வைத்து, எடுத்து அரை மணி நேரம் ஓய்வு கொடுத்து, எவ்வளவு திரும்பி எழவில்லை என்று பார்ப்பது. 12.5 மி.மீ. வில்லையை 9.5 மி.மீ.க்கு அமுக்கினோம், எடுத்தபின் 11.9 தான் இருந்தது என்றால், அமுக்கியது 3 மி.மீ., திரும்பாதது 0.6 மி.மீ., செட் 20 சதவீதம்.

தட்டுகள் சுத்தமாகவும் வழவழப்பாகவும் இருந்தாலே பெரிய பிரச்சினை இல்லை. ஐஎஸ்ஓ 815 மெல்லிய மசகுப் பூச்சை அனுமதிக்கிறது. நான் மெல்லியதாகத் தடவுவேன். தடவாத வில்லை பல சமயம் பீப்பாய் வடிவத்திலேயே உறைந்து, முகம் குழிந்து எழும். எங்கே அளப்பது என்றே தெரியாது.

ஷோர் கடினம் அளந்தால் போதாதா?

போதாது. ஷோர் எண் ஒரு சின்ன ஊசி முனை ரப்பரைக் குத்தும் ஆழம். 60 ஷோர் ரப்பரில் செய்த நெட்டைக் கட்டையும் 60 ஷோர் ரப்பரில் செய்த மெல்லிய பேடும் சுமையைத் தாங்கும் விதத்தில் ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லை.

மோட்டாருக்கு அடியில் பெரிய ரப்பர் ஷீட் போட்டும் அதிர்வு குறையவில்லை. ஏன்?

ரப்பர் இருக்கிறது, அது பிதுங்க இடம் இல்லை. 300 மி.மீ. சதுரம், 6 மி.மீ. தடிமன் உள்ள ஷீட்டின் வடிவக் காரணி 12.5. கடினம் 50 என்று வைத்துக்கொண்டால், முகம் முழுக்கக் கவ்விய நிலையில், முதல் கேள்வியில் சொன்ன 2000 மெகாபாஸ்கல் கன அளவுக் குணகத்தையும் கணக்கில் சேர்த்தால், மாடுலஸ் 400 மெகாபாஸ்கலுக்குப் போகும். அடியில் பலகையை வைத்திருந்தாலும் அதிர்வுக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது.

அதே ஷீட்டை 25 மி.மீ. சதுரங்களாக வெட்டி, கொஞ்சம் இடைவெளி விட்டுப் பரப்புங்கள். 144 துண்டு வரும். ஒவ்வொன்றின் வடிவக் காரணி 1.04, மாடுலஸ் 6-க்குக் கீழே. ரப்பரின் மொத்தப் பரப்பு அதேதான், கத்தியை மட்டும் எடுத்து வேலை செய்ததில் சுமார் 70 மடங்கு மென்மை. கடையில் விற்கும் அதிர்வுப் பேட்களில் வரிவரியாகவும் குமிழ்குமிழாகவும் இருப்பது அழகுக்காக அல்ல. வெட்டும் பொறுமை இல்லாதவர்கள் ஷீட்டில் நிறைய துளை போடலாம்.

பம்பிலிருந்து ஆயில் ஒழுகினால் இன்னொரு கதை. ஷீட் மென்மையாகும், அதிர்வு குறைந்ததுபோல் இருக்கும், மோட்டார் மெதுவாக நகர ஆரம்பிக்கும். ஊதிப்போன ரப்பரின் ஆயுளும் முடிந்தது.

பாலத்துக்கு அடியில் ரப்பர் வைக்கிறார்களே, நசுங்காதா?

இங்கே கவ்வுதல் எதிரி அல்ல, கூலிக்கு வேலை செய்யும் ஆள். பாலத்துக்கு இரண்டு விதமான நடத்தை ஒரே பொருளில் வேண்டும்: மேலிருந்து வரும் சுமைக்கு இரும்பு மாதிரி நிற்க வேண்டும், வெயிலில் பாலம் நீளும்போது பக்கவாட்டில் ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்க வேண்டும். 1950களில் ஃபிரெஞ்சுப் பொறியாளர் யூஜீன் ஃபிரேசினே இதற்கு வழி காட்டினார்: ரப்பருக்கு நடுநடுவே இரும்புத் தகடுகளை வைத்து ஒட்டிவிடுவது. இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துப் பெல்ஹாம் பாலம் அதே பத்தாண்டின் கடைசியில் இப்படிப்பட்ட இயற்கை ரப்பர் பேரிங்குகளின், அதாவது பாலத்தைத் தாங்கும் கட்டைகளின், மேல் கட்டப்பட்டது. இந்தியச் சாலைப் பாலங்களில் பெரும்பாலும் குளோரோபிரீன் ரப்பர்.

கணக்கைப் பாருங்கள், ரசிக்கும்படி இருக்கும். 300-க்கு 400 மி.மீ. பேரிங், மொத்த ரப்பர் உயரம் 40 மி.மீ., கடினம் 60. மேலும் கீழும் எண்ணெய் வழுக்கலாக இருந்தால் 1 மி.மீ. இறங்க சுமார் 1.4 டன் போதும். ஒரே கட்டையாக ஒட்டினால் சுமார் 8 டன். அதையே 10 மி.மீ. அடுக்குகள் நான்காகப் பிரித்து நடுவில் இரும்புத் தகடு வைத்தால், வடிவக் காரணி 2.1-லிருந்து 8.6-க்கு ஏறி, இங்கேயும் அந்த 2000-ஐக் கணக்கில் சேர்த்தால், 1 மி.மீ. இறங்க 95 டன்னுக்கு மேல் வேண்டும். பக்கவாட்டில் 1 மி.மீ. தள்ள? ஒட்டிய இரண்டு பேரிங்கிலும் ஒரே விசை, சுமார் 320 கிலோ. தகடு சேர்த்ததால் அங்கே எதுவும் மாறவில்லை. மூன்று தகடு, கொஞ்சம் பசை. இதைவிடச் சிக்கனமான தந்திரம் கட்டுமானத் தொழிலில் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

தகடு கிடையாத பழைய காலத்திலும் ரப்பர் வைத்திருக்கிறார்கள். மெல்பர்னில் 1889-இல் கட்டிய ரயில் மேம்பாலத்தின் இயற்கை ரப்பர்ப் பட்டைகளை நூறு வருடம் கழித்துப் பார்த்தபோது, காற்று தின்றிருந்தது மேல்தோலை மட்டுமே. உள்ளே ரப்பர் ரப்பராகவே இருந்தது.

யாரும் எண்ணெய் தடவாமலே ரப்பர் வழுக்குமா?

வழுக்கும், உள்ளிருந்தே. ஓசோன் வெடிப்பிலிருந்து காக்க ரப்பரில் பாரஃபின் மெழுகு கலப்பது வழக்கம். அது மெதுவாக மேற்பரப்புக்கு வந்து படலமாகப் படியும். படிய வேண்டும் என்றுதான் கலக்கிறோம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பாலங்களுக்கு அடியில் வைத்த இயற்கை ரப்பர் பேரிங்குகள் சில, இடத்தை விட்டு நடந்து வெளியே வந்துவிட்டன. உத்திரம் வெயிலில் நீண்டும் இரவில் சுருங்கியும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள, மெழுகு மசகாக வேலை செய்திருக்கிறது. ஓசோனுக்குப் போட்ட மருந்து காலை வாரிவிட்ட கதை. பட்டறையில் பழைய ஸ்டாக்கை எடுத்துச் சோதிக்கும்போது மேலே சாம்பல் பூத்தது போல இருந்தால் துடைத்துவிட்டு அளக்கவும்.

ஓ-ரிங் பொருத்தும்போது எண்ணெய் தடவுகிறோம். அதனால் அடைப்பு இளகுமா?

இளகாது. ஓ-ரிங் என்பது கசிவை அடைக்கும் ரப்பர் வளையம். அதன் குறுக்குவெட்டு வட்டம், தட்டைத் தொடும் அகலம் சிறிது, பக்கத்தில் பிதுங்க நிறைய இடம். உராய்வு விறைப்பை அதிகம் மாற்றாது. எண்ணெய் தடவுவது முறுக்கிக்கொள்ளாமல், கிழியாமல் உட்காருவதற்காக. ஓ-ரிங்கில் கவனிக்க வேண்டியது வேறு: அது உட்காரும் பள்ளமான காடியில் காலி இடம் விட வேண்டும். ரப்பர் காடியை முழுவதும் நிரப்பிவிட்டால் அதற்கு மேல் பிதுங்க வழியில்லை, முதல் கேள்வியில் சொன்ன 2000 மெகாபாஸ்கல் எதிரே வந்து நிற்கும். போல்ட்டை இன்னும் முறுக்கினால் மூடி வளையும், இல்லையென்றால் போல்ட் அறும். ரப்பர் அசையாது. சூட்டில் ரப்பர் விரியும், எண்ணெயில் ஊதும். அதற்கும் சேர்த்து இடம் விட வேண்டும். காடியின் கன அளவில் ரப்பர் 85 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்ல வழக்கம்.

கம்ப்யூட்டரில் மாடல் செய்கிறேன். எந்தச் சோதனையின் எண்ணைக் கொடுப்பது?

எண்ணெய் தடவிய சோதனையின் எண்ணை. அதில்தான் வில்லை முழுக்க ஒரே நிலை. ஒட்டிய சோதனையின் எண்ணைப் பொருளின் குணமாகக் கொடுத்துவிட்டு, மாடலிலும் முகத்தை ஒட்டியதாக வைத்தால் ஒரே விறைப்பை இரண்டு முறை கூட்டுகிறீர்கள். இந்தத் தப்பைப் பலர் செய்து பார்த்திருக்கிறேன். பதில் எப்போதும் விறைப்பின் பக்கம் பிசகும்.

எண்ணெயையும் நம்பாதவர்கள் ஒரு சுற்று வழி போகிறார்கள். கன அளவு மாறாத பொருளை மேலிருந்து அமுக்குவதும், பப்படம் மாதிரி எல்லாப் பக்கமும் சமமாக இழுப்பதும் வடிவத்தைப் பொறுத்தவரை ஒன்றேதான். 20 சதவீத அமுக்கம் என்பது சுற்றிலும் 11.8 சதவீத இழுப்புக்குச் சமம், 29 மி.மீ. விட்டம் 32.4 ஆனது ஞாபகம் இருக்கும். மெல்லிய ரப்பர்த் தாளை வட்டமாகப் பிடித்து எல்லாத் திசையிலும் இழுத்தால் உராய்வுக்கு இடமே இல்லை. மெஷின் விலை மட்டும் அதிகம்.

ஸ்பாஞ்ச் ரப்பருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. ஸ்பாஞ்சுக்குள் காற்று இருக்கிறது, அது வழிவிடும். ரப்பர் பக்கவாட்டில் பிதுங்க வேண்டிய அவசியம் இல்லை. அமுக்கிப் பாருங்கள், அகலம் ஏறக்குறைய மாறாது. நகராத முகத்துக்கு எண்ணெய் எதற்கு? துளைகள் எல்லாம் நசுங்கி மூடும் வரை அப்படியே. மூடியபின் கையில் இருப்பது கெட்டி ரப்பர், அப்போது மேலிருந்து மறுபடி படிக்கவும்.